ஆசிரியர்களை அந்தப் பஸ்ஸில் ஏற்றுங்கள்

மல்லாங்கிணறுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், சென்ற ஆண்டு தன் அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழை வகுப்புக்கு எடுத்து வந்திருக்கிறான். அதில் மாவட்டம் என்ற இடத்தில் 'காமராஜர் மாவட்டம்' என்று இருந்தது.

"இது எந்த மாவட்டம் சார்?"

"நம்ம மாவட்டம்தான்டா. அப்ப அந்தப் பேரு."

"ஏன் சார் மாத்துனாங்க?"

"கவர்மெண்டு மாத்துச்சு. உக்காரு."

இதை அந்த ஆசிரியரே எங்களிடம் சொன்னார். காரணம் தெரியாதவர் இல்லை அவர். 1997-ல் கல்லூரியில் படித்தவர். பஸ் ஓடாத ஒரு நாளில் விருதுநகரிலிருந்து ஊருக்கு நடந்தே வந்தவர். "சொல்லியிருந்தா அடுத்த கேள்வி வந்திருக்கும். அதுக்கடுத்த கேள்வி, நீங்க எந்தப் பக்கம் சார்னு வந்து நிக்கும். எதுக்கு வம்புன்னு உக்காரச் சொல்லிட்டேன்" என்றார்.

அவர் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்லிவிடுவோம். இன்றைய மாணவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது நம் பகுதிக்குக் காமராஜர் பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்தில் அரசு பஸ் கழகங்களுக்கும் பெயர்கள் உண்டு. மதுரையில் பாண்டியன், நெல்லையில் கட்டபொம்மன், கோவையில் சேரன், சென்னையில் பல்லவன். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இன்றும் வாய்தவறி 'பாண்டியன் பஸ்' என்பார்கள். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிதாக ஒரு கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி. கவர்னகிரியைச் சேர்ந்தவர். வெள்ளையரை எதிர்த்து உயிரை விட்டவர்.

கட்டபொம்மன் பெயர் போட்ட பஸ்ஸில் எல்லாரும் ஏறினார்கள். அவருடைய தளபதியின் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். சுந்தரலிங்கம் பட்டியல் சாதியில் பிறந்தவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பஸ்கள் மீது கல் விழுந்தது. தென் மாவட்டங்களில் மோதல் பரவி உயிர்கள் போயின. கடைசியில் அரசு, எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் எந்த மாவட்டத்துக்கும் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஒரே ஒரு பெயரை ஏற்க மனம் வராததால் எல்லாப் பெயரும் போனது. அதில் காமராஜர் பெயரும் போனது. அப்படித்தான் நாம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம்.

விருதுநகர் பஸ் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறோம். வரலாறு படிக்க வேண்டுமென்றால் கீழடிக்குப் போக வேண்டும், தஞ்சாவூருக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறோம். இந்தப் பஸ் நிலையமும் வரலாற்றுப் பாடம்தான். அதை நடத்த வாத்தியார் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மாண்ட்கோமரி என்று ஓர் ஊர். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்கு எழுந்து இடம் தர மறுத்தார். கைது செய்தார்கள். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள். கடைசியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பஸ்ஸில் இனம் பிரித்து உட்கார வைப்பது செல்லாது என்றது. இந்தக் கதை நம் ஆசிரியர்கள் பலருக்குத் தெரியும். மேடையில் அழகாகவும் சொல்வார்கள். அந்த மாண்ட்கோமரிக்கும், பக்கத்து ஊர்களான பர்மிங்ஹாமுக்கும் செல்மாவுக்கும், கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களை அழைத்துப்போய் வாரக்கணக்கில் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். அரசுப் பணத்திலேயே பல ஆண்டுகள் நடந்தது. குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற தேவாலயத்தில் ஆசிரியர்களை உட்கார வைப்பார்கள். 1965-ல் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் துரத்திய செல்மா பாலத்தில் நடக்க வைப்பார்கள். அன்று அடிவாங்கியவர்களே வந்து பேசுவார்கள். அந்தப் பாலத்துக்கு இன்னமும் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட ஒரு தளபதியின் பெயர்தான். பெயர் ஏன் மாறவில்லை என்று அங்கே ஒரு பிள்ளை கேட்டால், பதில் சொல்ல அந்த ஆசிரியருக்கு ஒரு வழி இருக்கிறது. பெயர் ஏன் மாறியது என்று இங்கே கேட்டால் நம் ஆசிரியர் உட்காரச் சொல்கிறார்.

பஸ் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரோசா பார்க்ஸுக்குக் கால் நூற்றாண்டு முன்பே நம் மண்ணில் ஒரு பஸ் விவகாரம் நடந்திருக்கிறது. அன்று நாமெல்லாம் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தோம். தனியார் பஸ்காரர்கள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டார்கள். காசு கொடுத்தாலும் ஏற்ற மாட்டார்கள். 1920-களின் இறுதியில் ஜில்லா போர்டு தலைவராக வந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் ரத்து என்று உத்தரவு போட்டார். பஸ் கதவு திறந்தது. சென்னை தியாகராய நகருக்குப் போகிறவர்கள் பாண்டி பஜாரில் துணி எடுக்கிறார்கள். அந்தப் பாண்டி இவர்தான். சென்னைக்காரர்களுக்கு அது தெரியாவிட்டால் போகட்டும். அவர் உத்தரவுக்குப் பிறகு முதல் முறையாகப் பஸ்ஸில் உட்கார்ந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்குத் தெரியாமல் போனது எப்படி?

ஜில்லா போர்டு தலைவர் போட்ட உத்தரவால் ஏறியதும் பஸ். தளபதியின் பெயரால் எரிச்சல் மூட்டியதும் பஸ். நடுவில் எழுபது ஆண்டுகள்கூட இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை தந்தார். கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்ற பரிந்துரைகள்தான் செய்தியில் அதிகம் அடிபட்டன. ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் சாதிப் பாகுபாடு பற்றிய பயிற்சி வேண்டும், ஆசிரியர் பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்றும் அதில் உண்டு. எங்கள் பார்வையில் கயிற்றைவிட இதுதான் பெரிய விஷயம். கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். மறுநாள் செல்போனின் பின்பக்க உறையில் அதே நிறம் வந்துவிடும்.

பயிற்சி என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். வட்டார வள மையத்தில் ஒரு கூடம். காலையில் கையெழுத்து. கருத்தாளர் வருவார், சுவரில் படம் போடுவார். பதினொரு மணிக்கு டீ, வடை. 'சமூக நீதி' என்று தலைப்புப் போட்ட படம் ஒன்று ஓடும்போது பின்வரிசையில் எமிஸ் பதிவேற்றம் நடந்துகொண்டிருக்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைக்குமேல் வேலை. பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை பற்றிய மூன்று வரிகளை நாம் எல்லாரும் பன்னிரண்டு வருடம் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பார்த்தே அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தக் கூடத்தில் ஓடும் படமும் அப்படித்தான் ஆகும்.

ஆகவே நாங்கள் சொல்வது எளிது. அந்தப் பயிற்சி நாளில் ஆசிரியர்களைக் கூடத்தில் அடைக்காமல் ஒரு பஸ்ஸில் ஏற்றுங்கள்.

சொல்வதற்கு முன் நாங்களே ஒரு முறை செய்து பார்த்தோம். மல்லாங்கிணறைச் சுற்றியுள்ள நாங்கள் சிலர், ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர், பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுபவர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் இருவர், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சனிக்கிழமை வேன் பிடித்தோம். தெரிந்த ஆசிரியர்கள் பதினைந்து பேரைக் கூப்பிட்டோம். ஏழு பேர் வந்தார்கள். மூன்று பேர் காலையில் போன் செய்து உடம்பு சரியில்லை என்றார்கள். மற்றவர்கள் போனே எடுக்கவில்லை.

முதலில் மதுரை மீனாட்சி அம்மன் கோவில். வந்தவர்கள் எல்லாரும் நூறு முறை போன இடம். 1939 ஜூலை 8 அன்று காலையில் வைத்தியநாத ஐயர், எல்.என்.கோபாலசாமி ஆகியோருடன் இந்தக் கோவிலுக்குள் நுழைந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டோம். வைத்தியநாத ஐயர் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கூடப்போனவர்கள்? ஒருவர் கக்கன் என்றார். அதோடு நின்றுவிட்டது. கக்கன், ஆலம்பட்டி சுவாமி முருகானந்தம், மதிச்சியம் சின்னையா, பூவலிங்கம், முத்து என்று ஐந்து பெயர்களையும் வாசலில் நின்று வாசித்தோம். அழைத்துப் போனவரைப் பாராட்டுவது சரிதான். ஆனால் அடி விழுந்தால் முதல் அடி யார் தலையில் விழுந்திருக்கும்? பெயர் தெரியாமல் போனவர்கள் தலையில்தான். அன்றைக்குச் சில பட்டர்கள் பூஜை செய்ய மறுத்தார்கள். எதிர்த்தவர்கள் வெளியே தனியாக மீனாட்சிக்கு ஒரு சந்நிதி வைத்துக் கும்பிட்டார்கள். நுழைந்தவர்களையும் கோவில் அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காக்க ராஜாஜி அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆறாவதாக ஒரு பெயர் உண்டு. விருதுநகர் எஸ்.எஸ்.சண்முக நாடார். அதைக் கேட்டதும் எங்களோடு வந்த ஆசிரியை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "நாடாரா? அவங்களுக்கு என்ன தடை?" என்றார். அவர் விருதுநகரில் பிறந்து வளர்ந்தவர். பி.எட். முடித்துப் பதினேழு வருடம் சமூக அறிவியல் நடத்துகிறவர்.

அந்த இடத்தில் நாங்கள் அரை மணி நேரம் நின்றுவிட்டோம். 1897-ல் கமுதி கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தது, அதை எதிர்த்து ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டது, கீழ்க்கோர்ட்டு, ஹைகோர்ட்டு தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு நுழைய உரிமை இல்லை என்று தீர்ப்பானது. 1899 ஜூன் 6 அன்று சிவகாசியில் நடந்த கொள்ளையும் கொலையும், அதற்கு முன் சிவன் கோவில் நுழைவை ஒட்டி எழுந்த தகராறு. இன்று பட்டாசும் காலண்டரும் அச்சடித்து நாட்டுக்கே அனுப்பும் சிவகாசியின் கதையில் இதுவும் ஒரு பக்கம். அந்தச் சமூகம் மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டி மேலே வந்தது. அதை நாங்கள் மரியாதையோடு சொல்கிறோம். சொல்லிவிட்டு இன்னொன்றையும் கேட்கிறோம். கோர்ட்டால் கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் ஊர்களில், அடுத்த தெருக்காரனை வெளியே நிறுத்தும் பழக்கம் எப்படி மிச்சமிருக்கிறது? இந்தக் கேள்வியை மேடையில் கேட்டால் சண்டை வரும். அந்தக் கோவில் வாசலில் கேட்டபோது சண்டை வரவில்லை. அந்த ஆசிரியை, "எங்க ஆச்சி ஏதோ சொல்லும், நான் காதுல வாங்குனதில்ல" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து மேலூர் பக்கம் தும்பைப்பட்டி. கக்கன் பிறந்த ஊர். நினைவு மண்டபம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கக்கன் என்றால் எளிமை. மந்திரியாக இருந்தும் கடைசிக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டில் படுத்திருந்தவர். சொல்லச் சொல்ல எல்லாரும் உச்சுக்கொட்டுவோம். தலித் தலைவர் என்றால் அவரை எளிமைக்கு உதாரணமாக்குவது நமக்கு வசதியாக இருக்கிறது. முப்பது வயதில் கோவில் கதவுக்குள் கால் வைத்தவர் என்று சொல்வது அவ்வளவு வசதியாக இல்லை போலிருக்கிறது.

பிறகு மேலவளவு. தும்பைப்பட்டியிலிருந்து தூரம் அதிகமில்லை. அதே 1997. நம் ஊரில் பஸ் பெயருக்காகக் கலவரம் நடந்த அதே கோடை முடிவில், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தனித் தொகுதியாக அறிவித்த ஊராட்சி அது. தேர்தலே நடக்கவிடாமல் இரண்டு முறை தடுத்து, பிறகு நடந்ததில் வென்றவர் முருகேசன். அலுவலக நாற்காலியில் உட்கார முடியவில்லை. எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் வெட்டினார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019-ல் மிச்சமிருந்தவர்களையும் முன்கூட்டியே விடுதலை செய்தார்கள்.

நினைவிடத்துக்குப் போகும்போது எங்களில் ஒரு ஆசிரியர் வேனிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைவலி என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. உள்ளே போன ஆறு பேரும் கல்வெட்டில் இருந்த பெயர்களைப் படித்தார்கள். யாரும் பேசவில்லை. ஒரு ஆசிரியர் தேதியைப் பார்த்துவிட்டு, "நான் அப்ப பத்தாங்கிளாஸ். இங்கருந்து ரெண்டு மணி நேரத்துல இருந்திருக்கேன். எனக்கு இது தெரியாது" என்றார். ஒரு பாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "எந்த ஊரு வாத்தியாரும்மா நீங்க?" என்று கேட்டார். மூன்று பேர் வாங்கிக் குடித்தார்கள். இரண்டு பேர் "இப்பத்தான் குடிச்சோம் பாட்டி" என்றார்கள். ஒருவர் செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வெயில் நேரம். எல்லாருக்கும் தாகம்.

பத்து நாள் பயிற்சி கொடுத்தாலும் இந்த ஒரு செம்புத் தண்ணீர் கேட்ட கேள்வியைக் கேட்க முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம்.

'பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்' என்று சொல்வார்கள். எங்கள் நண்பர்களே சொன்னார்கள். ஆசிரியர் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். அவரவர் தெருவில், அவரவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், திருவிழா ஃபிளெக்ஸில், செல்போன் பாட்டில் வரலாறு நடந்துகொண்டேயிருக்கிறது. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது. அதில் அடுத்தவன் எப்போதும் எதிரி. அந்தப் பாடங்களைக் கேட்டுவிட்டு ஒரே பெஞ்சில் வந்து உட்கார்கிற பிள்ளைகளுக்கு முன்னால் வாய் திறக்காமல் நிற்பவர் ஆசிரியர் ஒருவர்தான். புண் ஆறட்டும் என்று அவர் விட்டிருக்கிறார். அது உள்ளே சீழ் வைத்திருப்பதை நாங்குநேரியில் பார்த்தோம்.

இன்னொரு பயமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நினைவிடம் என்றாலே நம் பக்கம் போலீஸ் வேன், தடையுத்தரவு, மறித்த ரோடு என்று ஆகிவிட்டது. பரமக்குடியைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து தீண்டாமைக்கு எதிராக நின்ற இமானுவேல் சேகரன், கலெக்டர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் கலந்துகொண்ட மறுநாள், 1957 செப்டம்பர் 11 அன்று, அங்கேதான் கொல்லப்பட்டார். அவர் நினைவு நாளில் 2011-ல் அதே ஊரில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அங்கே ஆசிரியர்களை அழைத்துப் போவதானால் நினைவு நாளில் போகக் கூடாது. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். மாலை வேண்டாம், கோஷம் வேண்டாம். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். அப்படிப் பேசுகிறவருக்கு, கூடத்தில் படம் ஓட்டும் கருத்தாளருக்குத் தருகிற மதிப்பூதியத்தை அப்படியே தர வேண்டும். சேரிக்காரர்கள் தங்கள் துக்கத்தை இலவசமாகத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. செல்ஃபி எடுப்பவர்களை வேனிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

வெளி மாவட்டம் போக அனுமதி கிடைக்காது என்றால் நம் மாவட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. 1996 முதல் 2006 வரை தனி ஊராட்சிகளாக அறிவித்தும் தலைவர் தேர்தலை முறையாக நடத்த முடியாமல் போன நான்கு ஊர்கள் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் மதுரை மாவட்டம். அவை பெயர் பெற்றுவிட்டன. பாப்பாபட்டிக்கு 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலினே போய்க் கிராமசபையில் உட்கார்ந்தார். நான்காவது ஊர் கொட்டக்கச்சியேந்தல். அது நம் விருதுநகர் மாவட்டம். பத்து ஆண்டுகள் அந்த நாற்காலிக்கு ஆள் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். வேட்புமனு போட ஆள் கிடைக்காது, கிடைத்தால் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். நான்கு ஊர்களிலும் இதுதான் கதை. 2006 அக்டோபரில் நான்கிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். எப்படி நடந்தது, யார் யாரிடம் பேசினார்கள், எதிர்த்தவர்கள் எப்படி இறங்கிவந்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். இது ரத்தம் சிந்திய கதை மட்டும் இல்லை, பேசி மாறிய கதையும்கூட. குடிமையியல் பாடத்தில் 'ஊராட்சித் தலைவரின் கடமைகள்' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்த அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து, இந்த நாற்காலி ஏன் பத்து வருடம் காலியாக இருந்தது என்று ஓர் ஆசிரியர் கேட்டுத் தெரிந்துகொண்டால், மறுநாள் அந்தப் பாடத்தை அவர் வேறு மாதிரி நடத்துவார்.

வேனில் உட்கார்ந்திருந்த ஆசிரியரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர்தான் எல்லாருக்கும் காசு கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து எங்களில் ஒருவருக்குப் போன் செய்து, மேலவளவில் செத்தவர்கள் ஆறு பேரின் பெயரும் வேண்டும், எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அனுப்பிவிட்டோம். சான்றிதழோடு வந்த பையனை உட்காரச் சொன்னவரும் அவர்தான்.

ஆண்டுக்கு ஒரு பயிற்சி நாளையாவது இதற்கு ஒதுக்க வேண்டும், முதல் ஆண்டு சமூக அறிவியல் ஆசிரியர்களோடு தலைமை ஆசிரியர்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். தலைமை ஆசிரியர்களை ஏன் சேர்த்தோம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். மனுவுக்கு ரசீது வந்திருக்கிறது. பதில் வரவில்லை.

அதுவரை வேன்தான். அடுத்தது சிவகாசி, கமுதி, பரமக்குடி என்று போட்டிருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டு இருக்கை. இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 'நாடாரா?' என்று கேட்ட ஆசிரியை தன்னோடு இன்னும் இருவரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாடு அவரவர் கொண்டுவர வேண்டும். தண்ணீர் போகிற இடத்தில் கிடைக்கும்.